கரூர் வலையும் திருநீர்மலைக் கொசுவும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் என்ன கிடைக்கும் என்று கேட்பதைவிட என்ன கிடைக்காது என்று கேட்பது சுலபம். பழைய டிரங்க் ரோடு நெடுக ரோஜாச் செடி, லவ் பேர்ட்ஸ், கழற்றிய மதர்போர்டு, பித்தளைக் குழாய், கருவாடு, ஒரு கால் ஆடுகிற நாற்காலி என்று கொட்டிக் கிடக்கிறது. பழைய இரும்புக் கட்டில் விற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொசுவலைக்காரர் தார்ப்பாய் விரித்திருந்தார். கட்டிலுக்கு விலை பேசி முடித்தவன் திரும்பினால் வலை கண்ணில் பட வேண்டும் என்கிற வியாபார ஞானம். நான் தேடிப் போனது அந்தத் தார்ப்பாயைத்தான்.

"சிங்கிளா, டபுளா? கட்டிலுக்கா, பாய்க்கா?"

கேள்வியே சரக்குப் பட்டியலையும் சொல்லிவிடுகிறது. நைலான் வலை, காட்டன் என்று சொல்லி விற்கப்படும் கலப்பு நூல் வலை, கைக்குழந்தையை மூடும் குடை வலை, பையிலிருந்து எடுத்ததும் தானே விரிந்துகொள்ளும் டென்ட் மாடல். ஜன்னலுக்கு என்றால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். ஒட்டுவதற்கு வெல்க்ரோ தனி. ஒற்றைக் கட்டில் வலைக்கு முந்நூறு ரூபாய் சொன்னார். இறங்கி வருவார் என்று அவர் சொன்ன தோரணையிலேயே தெரிந்தது.

பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்து குடை வலை கேட்டார். கடைக்காரர் வலையைத் தன் முஷ்டிமேல் இழுத்துப் பிடித்து, செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டினார். "கண்ணு பாருங்கம்மா, எவ்ளோ பொடிக் கண்ணு. கொசு மூக்கைக்கூட நீட்ட முடியாது." அந்த அம்மா கண்ணைப் பார்க்கவில்லை. விளிம்பில் ஓடும் தையலை விரலால் நெருடிக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் நூல் விட்டிருந்தது. வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்த பிறகுதான் சுருக்குப்பையிலிருந்து பணம் வெளியே வந்தது. வலை முதலில் விடுவது தையலில்தான் என்று தெரிந்தவர்.

கூட்டம் குறைந்ததும், மலேரியாவுக்கு பயந்து யாராவது வாங்குகிறார்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல சார். கொழந்தை தூங்கல, கரன்ட் போனா லிக்விட் வேலை செய்யல, கொசுவத்தி வெச்சா பெரியவருக்கு மூச்சு வாங்குது. அதுக்குத்தான் வாங்குறாங்க. டெங்கு சீசன்ல கொஞ்சம் கூட ஓடும்."

டெங்குக் கொசு பகலில் கடிப்பது என்று நான் சொல்லவில்லை. பகலிலும் தூங்கும் கைக்குழந்தைக்கு அந்த வலை உபயோகமானதுதான். நடக்கிற வியாபாரத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? மருந்து போட்ட வலை உண்டா என்று மட்டும் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வலைக்கு எதுக்கு சார் மருந்து? இது கரூர் சரக்கு" என்றார். அவரைப் பொறுத்தவரை கரூர் என்று சொன்ன பிறகு பேச்சுக்கு இடமில்லை.

அங்கிருந்து திருநீர்மலைக்கு ஷேர் ஆட்டோ. நாகல்கேணியைத் தாண்டும்போது தோல் பதனிடும் வாடை ஒரு நிமிடம் கூடவே வந்தது. திருநீர்மலை பேரூராட்சியாக இருந்து, 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதற்குள் போய்விட்ட ஊர். ஆனாலும் முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம் நெரிகிற கோயில் ஊராகத்தான் சென்னைக்காரர்களுக்கு அதைத் தெரியும். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்றிருக்கிறார். மலைமேல் நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், ரங்கநாதர் சயனித்திருக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார். நான்கு கோலமும் ஒரே தலத்தில். திருமங்கையாழ்வார் வந்த சமயம் மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால், வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்று தல வரலாறு. ஆறு மாதம் தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் ஆழ்வார் இரவுகளை எப்படிக் கழித்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

படியேறி மேலே நின்றால் இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் பைபாஸ் சாலை, தலைக்குமேல் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள். நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டை மாடிகள். ஒவ்வொரு மாடியிலும் கறுப்பு நிறத்தில் ஒரு சின்டெக்ஸ் டேங்க், சில மாடிகளில் இரண்டு மூன்று. கொசு விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

கீழே அடையாற்றில் ஆகாயத்தாமரைக்கும் சாக்கடை நீருக்கும் நடுவே பிறப்பது கியூலெக்ஸ். ராத்திரி காதோரம் ரீங்காரமிட்டு நம்மை எழுப்பி உட்காரவைப்பது பெரும்பாலும் இதுதான். யானைக்கால் நோயைப் பரப்பும், மலேரியாவைப் பரப்பாது. மலேரியாவைக் கொண்டுவருவது அனோபிலிஸ் இனம். சென்னையில் அந்த வேலையைச் செய்வது அனோபிலிஸ் ஸ்டீபன்சி. அது தேடுவது பொதுவாக நல்ல தண்ணீர்: மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி, கிணறு, சம்ப், கட்டுமான இடத்தில் பிடித்துவைக்கும் தொட்டித் தண்ணீர். ஆக, நாற்றமடிக்கும் ஆற்றைப் பார்த்து நாம் பயப்படுகிறோம்; காய்ச்சல் நம் தலைக்குமேல் இருக்கும் தொட்டியில் முட்டையிடுகிறது. லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய நகரம் இது. தண்ணீரைச் சேர்த்து வைக்காதே என்று இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. நகர்ப்புற மலேரியாத் திட்டம் 1971 வாக்கில் தொடங்கிய காலத்திலிருந்து இன்று கொசு ஒழிப்புப் பணியாளர்கள் மாடியேறி டேங்க் மூடியைத் தூக்கிப் பார்ப்பதுவரை எல்லாம் அந்தத் தொட்டியைச் சுற்றித்தான்.

பலன் இல்லாமல் இல்லை. தமிழகம் முழுவதும் 2015-இல் ஐயாயிரத்துக்கு மேல் இருந்த மலேரியா நோயாளிகள் எண்ணிக்கை இப்போது ஆண்டுக்குச் சில நூறு. அதில் பெரும் பங்கு நெடுங்காலமாகச் சென்னையுடையது. இதற்கிடையே ஸ்டீபன்சி கப்பலேறிவிட்டது. 2012-இல் ஜிபூத்தியில் தென்பட்டு, பிறகு எத்தியோப்பியாவுக்குப் போனது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று இலங்கைக்குச் சான்றிதழ் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் இந்தக் கொசு பிடிபட்டது. ஆப்பிரிக்காவின் பழைய மலேரியாக் கொசுக்கள் கிராமத்துக் குட்டையில் பிறப்பவை. மாடி வீட்டுத் தொட்டியில் பிறக்கும் நம்மூர் ரகம் அங்கே நகரங்களுக்குள் நுழைவது உலக சுகாதார நிறுவனத்தையே கவலைப்பட வைத்திருக்கிறது.

சந்தைக்காரர் சொன்னது மலைமேல்தான் எனக்கு முழுசாக விளங்கியது. திருநீர்மலையில் கொசுவலை விற்பது அடையாற்றுக் கியூலெக்ஸின் தயவில். கடி இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, மாட்டுவதற்குக் கட்டிலும் ஆணியும் இருக்கிறது. அங்கே சந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விற்கிறவன் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறான். நான் இறங்கி வரும்போது, சந்நிதித் தெருவில் ஒரு குட்டியானை வண்டி ஜன்னல் வலைக்கு ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனது. அந்த வலை மலேரியாக் கொசுவையும் சேர்த்துத் தடுக்கும் என்பது வாங்குகிறவர் கேட்காமல் கிடைக்கும் உபரி.

ஆனால் வண்டி போகாத ஓரிடம் பைபாஸ் பக்கத்தில் இருக்கிறது. எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியின் பின்புறம், தகரக் கொட்டகைகளின் வரிசை. ஹாலோ பிளாக் கல்லை இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே பிளைவுட் பலகை போட்டால் அது கட்டில். தகரச் சூட்டுக்கு உள்ளே படுக்க முடியாமல் பாதிப் பேர் வெளியே படுக்கிறார்கள். கட்டடத்தின்மேல் ஊற்றத் தண்ணீர் பிடித்துவைத்த சிமென்ட் தொட்டி, படுக்கையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. மூடியும் இல்லை.

ஒடிசாவின் ராயகடா மாவட்டத்திலிருந்து வந்த ஒரு தம்பி, கம்பி கட்டுகிறவர், நன்றாகத் தமிழ் பேசினார். ஊரில் காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். "முன்னே எல்லா வருஷமும் வரும் அண்ணா. அப்புறம் சர்க்கார் வலை குடுத்துச்சு. மருந்து வலை. அம்மாவுக்கு விட்டுட்டு வந்தேன்."

"இங்கே ஒன்று வாங்கக் கூடாதா?"

சிரித்தார். எத்தனை நாள் இந்த சைட் என்று தெரியாது, அடுத்து சிறுசேரியோ ஒரகடமோ, மூட்டையில் இடம் கிடையாது, பத்துப் பேர் படுக்கும் இடத்தில் தான் மட்டும் வலை கட்டினால் கேலி செய்வார்கள் என்று அடுக்கினார். முந்நூறு ரூபாய் அவர் அரை நாள் கூலிக்கும் குறைவுதான். அதை எடுத்து வலையில் போட அவருக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. கொசுக்கடி அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. அலுப்பில் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுகிறார். மலேரியா அதிகமுள்ள மாவட்டத்திலிருந்து வந்து, ஸ்டீபன்சி பிறக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், வலையில்லாமல் படுக்கும் மனிதர். அவர் உடம்பில் ஒட்டுண்ணி இருந்தால் அது கொட்டகையோடு நிற்காது. அந்த அடுக்குமாடிக்குக் குடிவரப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் காத்திருக்கும்.

சந்தை வலை பிறக்கும் ஊரைப் பார்க்க, அன்றிரவு கிளாம்பாக்கத்திலிருந்து கரூர் பஸ் பிடித்தேன்.

கரூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் தெரிவது பஸ் பாடி கட்டும் பட்டறைகளும், மேஜை விரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளும். வலைக் கம்பெனிகள் கொஞ்சம் உள்ளே தள்ளி. பாலிஎத்திலீன் குருணையை உருக்கி, நூலாக இழுத்து, வார்ப் நிட்டிங் எந்திரத்தில் ஏற்றி வலையாகப் பின்னுகிறார்கள். சிறு பட்டறைகள் அந்தத் துணியை வாங்கி, வெட்டி, தைத்து, நான்கு மூலைக்கும் காது வைத்துப் பல்லாவரம் போன்ற சந்தைகளுக்கு அனுப்புகின்றன. நான் போன பட்டறையில் ஏழெட்டுப் பெண்கள் பேச்சும் சிரிப்புமாக விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார்கள். வலை வழுக்கும் என்பதால் விளிம்போடு ஒரு நாடாத் துணியையும் சேர்த்து ஓட்ட வேண்டும். நாடாவை மிச்சம் பிடித்தால் தையல் விடும் என்று ஒரு அக்கா சொன்னார். பல்லாவரத்து அம்மா விரலால் நெருடிக் கண்டுபிடித்தது இந்த மிச்சத்தைத்தான்.

பெரிய கம்பெனிகளின் கதை வேறு. ஷோபிகா இம்பெக்ஸின் டூராநெட், வி.கே.ஏ. பாலிமர்ஸின் மேக்நெட் ஆகிய இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்புப் பட்டியலில் உள்ள கரூர் வலைகள். நூல் இழுக்கும்போதே ஆல்பா சைபர்மெத்ரின் மருந்தைக் குருணையோடு கலந்துவிடுகிறார்கள். துவைக்கத் துவைக்க மேலே இருக்கும் மருந்து போனாலும், உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வந்துகொண்டிருக்கும். இருபது சலவை, மூன்று வருடம் தாங்க வேண்டும் என்பது கணக்கு. சாதா வலை கொசுவைத் தள்ளி நிறுத்தும். இந்த வலையில் வந்து உட்கார்ந்த கொசு செத்துவிடும். பக்கத்தில் வலையில்லாமல் படுத்திருப்பவனுக்கும் அதில் ஆதாயம். மூட்டை மூட்டையாகக் கட்டி இவை போவது பெரும்பாலும் அரசுகளும் சர்வதேச நிதியங்களும் விடும் டெண்டர்களுக்கு. பல்லாவரம் தார்ப்பாய்க்கு வருவதில்லை. ஒரே ஊரில் பிறந்த இரண்டு வலைகள் ஒன்றையொன்று சந்திப்பதே கிடையாது.

ஒரு காலத்தில் திருநீர்மலைக்குப் பக்கத்து அனகாபுத்தூரில் நெசவாளர்கள் கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அந்த வியாபாரம் போய், இன்று அங்கே வாழைநார்ச் சேலை நெய்கிறார்கள். உலக மலேரியா நோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசி நைஜீரியாவில்தான் இருக்கிறார்கள். துணி போன திசையில் இப்போது தமிழ்நாட்டிலிருந்து வலை போகிறது. துணிக்கு அந்த ஊர்க்காரர்களே காசு கொடுத்தார்கள். வலைக்கு வேறு யாரோ கொடுக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் இருபது வருடச் சண்டை அதில் அடங்கியிருக்கிறது.

2000 ஏப்ரலில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் அபுஜாவில் கூடி, கொசுவலைக்கு வரியைக் குறையுங்கள், எடுத்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். கடை மூலமாக மலிவு விலையில் விற்றால் தானாகப் பரவும் என்பது அன்றைய நம்பிக்கை. தான்சானியா அதை ஒழுங்காகச் செய்தது. 2004 முதல் கர்ப்பிணிகளுக்கு ஒரு சீட்டு. அதைப் பக்கத்துக் கடையில் கொடுத்து, மிச்சத்தைக் கையிலிருந்து போட்டு வலை வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரனும் பிழைத்தான், தாயும் வலை வாங்கினாள். அருஷா நகரத்து மில் ஒன்று ஜப்பானிய சுமிடோமோவிடம் தொழில்நுட்பம் வாங்கி உள்ளூரிலேயே மருந்து வலை செய்தது. பிறகு வீட்டுக்கு வீடு இலவச வலை கொடுக்கும் காலம் வந்தது. சீட்டுத் திட்டம் சுமார் பத்து வருடம் நடந்து நின்றது.

"இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள்" என்று டீக்கடையில் தொடங்கி நீதிமன்றம்வரை பேசுகிற ஊர் நம்முடையது. இதே வாதத்தைக் கென்யாவில் பொருளாதார ஆய்வாளர்கள் ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் துபாவும் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு வரும் பெண்களுக்குச் சில இடங்களில் இலவசமாக, சில இடங்களில் சிறு விலைக்கு வலை. விலை சுமார் 60 அமெரிக்க சென்ட் ஆனதுமே வாங்குவோர் பங்கு 60 சதவீதப் புள்ளி விழுந்தது. அந்த விலையே பெரும் மானியம் போக மிஞ்சியது. இலவசமாக வாங்கியவர்கள் வலையைக் குறைவாகப் பயன்படுத்தவும் இல்லை. துபா பின்னால் செய்த ஆய்வில், முதலில் இலவசமாகவோ மலிவாகவோ வாங்கிப் பழகியவர்கள் அடுத்த வலைக்குக் காசு கொடுக்கத் தயாராக இருந்ததும் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே, 2007-இல், மருந்து வலையை இலவசமாகவோ பெரும் மானியத்திலோ கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியா சுமார் 66 கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு வலையால் என்று 2015-இல் ஒரு கணக்கு வந்தது. கடையில் விற்று அந்த எண்ணை எட்டியிருக்க முடியாது.

ஒடிசாவிலும் ஒரு சோதனை நடந்தது. கிராமத்து மகளிருக்கு நுண்கடன் கொடுத்து வலையை முழு விலைக்கு விற்றார்கள். ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் வாங்கின. மலேரியா குறையவில்லை. இலவசமாகக் கொஞ்சம் கொடுத்த ஊர்களிலும் குறையவில்லை. 2017-இல் அந்த மாநில அரசு ஒரு கோடிக்கு மேல் மருந்து வலைகளை இறக்கியது. பரிசோதனையும் சிகிச்சையும் கூடவே போயின. அடுத்த ஆண்டு நோயாளிகள் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்தது. ஊரில் அங்கொன்று இங்கொன்று என்று வலை கட்டினால் கொசுவுக்கு நஷ்டமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ராயகடாத் தம்பி அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தது அந்த வலையைத்தான்.

அப்படியென்றால் சந்தைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கென்யாவில் ஏழைத் தாய்க்கு இலவசம் சரி. பல்லாவரத்துப் பாட்டிக்கு இலவசம் தேவையில்லை. தையல் விடாத வலை போதும். சென்னை மாநகராட்சி முன்பு கூவம், அடையாற்றுக் கரையோரக் குடும்பங்களுக்கு வலையும், வீடுகளுக்கு நொச்சிச் செடியும் கொடுத்துப் பார்த்தது. வீட்டு முகவரி உள்ளவர்களுக்கு அதெல்லாம் போய்ச் சேரும். தகரக் கொட்டகைக்கு முகவரி கிடையாது. ரேஷன் கார்டு ஒடிசாவில், உடம்பு திருநீர்மலையில். அரசு கொடுக்க ஆள் கணக்கில் வரமாட்டார்; கடைக்காரன் விற்க வாடிக்கையாளர் ஆகமாட்டார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் வாங்கலாம். கட்டுமானத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டமே, வேலையிடத்தில் தற்காலிகத் தங்குமிடத்தை முதலாளி தர வேண்டும் என்றது. தலைக்கவசம் வாங்குகிற பில்லில் கொசுவலையும் ஏறினால், பத்துப் பேர் கொட்டகைக்குச் சாதா வலை மூவாயிரம் ரூபாய். ஏழெட்டு மூட்டை சிமென்ட் விலை. கட்டுவதற்குக் கட்டுக்கம்பி சைட்டிலேயே கிடக்கிறது. ஒரு கட்டுமானக் கம்பெனி ஆயிரம் வலை கேட்டால், டெண்டருக்கு மட்டும் போகிற மருந்து வலையை உள்ளூருக்கும் விற்பதைப் பற்றிக் கரூர்க்காரர் யோசிப்பார். வியாபாரிக்கு வாடிக்கையாளரைக் காட்டிவிட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

ஆகவே வீடு கட்டுகிறவர்களுக்கும், அடுக்குமாடியில் முன்பணம் கட்டியிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டைல்ஸ் எந்த பிராண்ட், குழாய் எந்த பிராண்ட் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறோம். அதே தாளில் தொழிலாளர் கொட்டகைக்கு ஆளுக்கொரு கொசுவலை, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி என்று இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை சைட்டைப் பார்க்கப் போகும்போது, கொட்டகைப் பக்கமும் ஒரு நடை போய் வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.